விளக்கு வைத்த பிறகு

"சார், உங்க வயல்ல பூச்சி இருக்கு. இன்னிக்கு மத்தியானம் நானே பார்த்தேன்."

பெரிய மார்க்கெட்டில் சேனைக்கிழங்கை எடை போட்டுக்கொண்டிருந்த அன்பழகனுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அப்போதுதான் கடைக்கு விளக்கேற்றி ஊதுபத்தி கொளுத்தியிருந்தான். போனில் பேசியவள் மெரின். அவன் ஊர்ப்பக்கத்து விவசாய ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்.

"எங்கம்மா பார்த்தீங்க?"

"மடை ஓரமா சார். தூரை வெலக்கிப் பார்த்தா அடியில நெறைய இருக்கு. முதல்ல தண்ணிய வடிச்சிடுங்க, அப்புறம்..."

மீன்கூடை தூக்கி வந்தவர்கள் வழி கேட்டுப் போட்ட சத்தத்தில் மிச்சம் காதில் விழவில்லை. கேட்டவரைக்கும் போதும் என்று அவனும் போனை வைத்துவிட்டான்.

மாதா கோவில் தெருவில் பிறந்து, டவுனிலேயே வளர்ந்த பெண். விளக்கு வைத்த பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்லக் கூடாது, பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும் என்ற இங்கிதம் அவளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறதே என்று, அந்தப் பயத்திலும் அவனுக்கு ஆச்சரியம். பேரைச் சொன்னால் கூப்பிட்ட விருந்தாளி மாதிரி வந்து நிற்கும் என்பார்கள் அவன் வீட்டில்.

மார்கழி வந்தால் கதிர் பால் பிடிக்கும். கதிரைத் தேடி எலி வரும், எலிக்குப் பின்னாலேயே அது வரும். போன மார்கழியில் அதே மடையைத் திறந்துவிடச் சொல்லிப் பண்ணையாள் மண்ணாங்கட்டியை அனுப்பியவன் இவன்தான். பத்து வருஷமாக அந்த வயலைத் தன் வயல்போலப் பார்த்துக்கொண்ட மனுஷன், கடிபட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். 'நான்தானே அனுப்பினேன்' என்கிற நினைப்பு இன்னும் அன்பழகனை நிம்மதியாக ஒரு கவளம் சாப்பிட விடுவதில்லை.

நிலம் மனைவி செந்தமிழ்ச்செல்வி வழியில் வந்த இரண்டரை ஏக்கர். வீட்டுக்கு வருஷச் சாப்பாடே அதிலிருந்துதான். அன்பழகனுக்குக் கிழங்கைத் தட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்லத் தெரியும். நெல் விஷயத்தில் மண்ணாங்கட்டி சொன்னதுதான் வேதம்.

உடனே வீட்டுக்குப் போன் போட்டான்.

"செல்வி, நம்ம வயல்ல பூச்சியாம். மடைகிட்ட, நெறைய இருக்குதாம். தண்ணிய வடிக்கச் சொல்லுது அந்த ஆபீசுப் பொண்ணு."

"ஐயோ மாரியாத்தா, மறுபடியுமா?"

"யாரும் உள்ள கால் வெக்கக் கூடாது. நீயுந்தான்."

"தண்ணி வடிக்கணுமே?"

"வடிக்க எவன் மடைகிட்ட போறது? கெடக்கட்டும். போன வருசம் ஒரு உசுரு போனது பத்தாதா?"

மறுநாள் காலையில் செல்வி ஊர்க்கோடிப் புற்றுக்குப் பால் ஊற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தாள். வயலுக்குள் ஒரு ஆள் இறங்கவில்லை. பாம்பு பிடிக்கிற கோபிநாத்தைக் கேட்டால், "இணை சேர்ற சீசன்ணே, கூப்பிடாத ஊரே இல்ல. சனிக்கிழமைதான் வர முடியும்" என்று சொல்லிவிட்டான்.

நடுவில் மெரின் ஒருமுறை கூப்பிட்டு, "என்ன சார், ஏற்பாடு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஆளுக்குச் சொல்லியிருக்கேம்மா."

"சரி சார். லேட் பண்ணிடாதீங்க."

தினமும் மார்க்கெட்டுக்குப் போகிற பஸ்ஸிலிருந்து பனிமூட்டத்துக்குள்ளே தன் வயலை எட்டிப் பார்ப்பான். நாலாம் நாள் நடுவயலில் வட்டம் வட்டமாகப் பழுத்திருந்தது. இந்த வருஷம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும் போலிருக்கே என்று, அத்தனை கவலையிலும் அவனுக்கு ஒரு சின்ன சந்தோஷம். மண்ணாங்கட்டி இருந்தால் எப்போது அறுக்கலாம் என்று அவனிடம் கேட்டிருப்பான்.

சனிக்கிழமை காலையில் கோபிநாத் கோலும் கோணிப்பையுமாக வந்து இறங்கினான். மடை வரைக்கும் போய், தூர் தூராகக் கோலால் விலக்கிப் பார்த்தான். அன்பழகன் வரப்பிலேயே நின்றான். "பார்த்துப்பா, பார்த்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இன்னொரு மண்ணாங்கட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட அவனுக்குத் தெம்பில்லை.

"அண்ணே, இங்க ஒரு தண்ணிப் பாம்புகூட இல்லண்ணே!" என்று கத்தினான் கோபிநாத்.

அப்பாடா என்று அன்பழகன் மூச்சு விடுகிற நேரத்தில் ரோட்டோரம் மெரினின் ஸ்கூட்டி வந்து நின்றது. வரப்பில் நடந்து வந்தவள் வயலைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினாள்.

பழுத்த வட்டத்தில் ஒரு தூரைப் பிடித்தாள். காய்ந்த வைக்கோல் கையோடு வந்தது. கதிரை நசுக்கிப் பார்த்தாள்; அத்தனையும் பதர். அவள் முழங்கை வரைக்கும் தவிட்டு நிறத்தில் பொடிப்பொடியாக என்னவோ துள்ளி ஏறியது.

"என்ன சார் இது? மருந்து அடிக்க ஆளுக்குச் சொல்லியாச்சுன்னீங்களே!"

"மருந்தா?" அன்பழகன் கோபிநாத்தின் கோணிப்பையைக் காட்டினான். "பாம்புக்கு யாரும்மா மருந்து அடிப்பாங்க?"

மெரின் கையைத் தட்டிவிடக்கூட மறந்து அவனையே பார்த்தாள்.

"பாம்பா? நான் பூச்சின்னுதானே சார் சொன்னேன்!"