எட்டாவது கம்பம்

வலது தோள்பட்டை பிடித்த பிடியை இன்னும் விடவில்லை. எட்டுக் குழி வெட்டி நாற்பது நாளாகிவிட்டது. கையைத் தூக்கினால் காதுவரைக்கும் சுண்டி இழுக்கிறது.

இடது கையால் தோளை அமுக்கிக்கொண்டே அங்கப்பன் பஞ்சாயத்து ஆபீசுக்குள் நுழைந்தான்.

எட்டும் கேமராக் கம்பத்துக்கான குழிகள். ஊர் ஒரு பங்கு போட்டால் அரசு இரண்டு பங்கு போடும் என்று திட்டம். நிலமுள்ள தோட்டக்காரர்கள் பணம் போட்டார்கள். காலனிக்காரர்கள் உடம்பைப் போட்டார்கள். சுக்கான் பாறையில் கடப்பாரை இறக்கி எட்டையும் தோண்டியது அங்கப்பன்தான்.

அதனால் கேமராப் படம் ஓடுகிற ஆபீஸ் டிவியில் தனக்கும் கொஞ்சம் பாத்தியம் உண்டு என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

வந்த காரியம் வேறு.

தோட்டத்துப் பாவாத்தாளின் வெள்ளாட்டை அவன் வாரத்துக்கு வளர்த்தான். ஆடு அந்தம்மாளுடையது, மேய்ப்பு இவனுடையது, போடுகிற குட்டி ஆளுக்குப் பாதி. நிறைசினையாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், காலனி முக்கில் கட்டிய இடத்தில் கயிறு மட்டும் கிடந்தது.

"வித்துப்போட்டுக் கயித்தக் கொண்டாந்து காட்டறயா? உங்க முக்குலதான் கேமரா இருக்குதல்ல. அதுல ஆட்டப் புடிச்சுட்டுப் போனவனக் காட்டு, நம்பறேன். இல்லீன்னா ஆட்டுக்கு ஆடு குடுத்துப்போடு" என்று பாவாத்தாள் சொல்லிவிட்டாள்.

கம்ப்யூட்டர் முன்னால் ஆபரேட்டர் கிருபாசங்கர் உட்கார்ந்திருந்தான். டிவியில் நான்கு கட்டங்கள். கோயில், பஸ் நிறுத்தம், பால் சொசைட்டி, தலைவர் வீட்டு வீதி.

அங்கப்பன் வந்த காரியத்தை மறந்து பார்த்தான்.

தான் நட்ட கம்பத்தின் மேல் ஏறி நின்று ஊரைப் பார்ப்பதுபோல் இருந்தது. கோயில் வாசலில் ஒரு நாய் சொறிந்துகொண்டது. சொசைட்டியில் ஒருத்தர் பாலைக் கொஞ்சம் சிந்திவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். அங்கப்பனுக்குச் சிரிப்பு வந்தது. நான் பார்த்தேன் சாமி.

"உங்களுக்கு எந்த நம்பருங்ண்ணா?"

"எட்டுங்க. எங்க முக்கு."

மீதி நாலு கட்டங்களுக்கு வேறு பட்டனைத் தட்டவேண்டும். கிருபாசங்கர் தேடித் தட்டினான்.

எட்டாவது கட்டம் முழுக்க மங்கின மஞ்சள். நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு வட்டம்.

"இதென்னங்க தம்பி, சூரியனா?"

கிருபாசங்கர் முகத்தைக் கிட்டே கொண்டுபோனான். பிறகு நாற்காலி ஆட ஆடச் சிரித்தான்.

"சூரியனும் இல்ல, சந்திரனும் இல்லீங்ண்ணா. சந்தனம். நடுவுல குங்குமம். எவனோ கண்ணுலயே பொட்டு வெச்சுப்போட்டான்."

செவ்வாய்க்கிழமையை ஓட்டினார்கள். மத்தியானம் ஒன்று இருபதுக்கு மஞ்சளின் ஓரத்தில் ஒரு கருப்பு இடமிருந்து வலமாகப் போனது.

அங்கப்பனின் மூக்கு டிவியில் முட்டியது. இரண்டு காலா, நாலு காலா? வண்டியா? மறுபடி ஓட்டச் சொன்னான். மூன்று தடவை ஓட்டியும் கருப்பு கருப்பாகவே போனது.

முந்தின வாரத்தை ஓட்டினான் கிருபாசங்கர். மஞ்சள். அதற்கு முந்தினதும் மஞ்சள். கேமரா வந்த நாளிலிருந்து அந்தக் கட்டத்தை யாரும் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை.

"எந்த மடையனுங்ண்ணா இதைச் செஞ்சவன்?"

"தெரியலீங்க தம்பி."

"நீங்கதான் ஏணி ஏறுவீங்களே. ஒரு எட்டுப் போயித் துடைச்சுப்போடுங்க."

ஏணியைக் கம்பத்தில் சாய்த்து ஏறினான். தோள் கத்தியது. கேமராவுக்கு மேலே தகரத்தில் ஒரு கூரை இருந்ததால் மழை படவில்லை. சந்தனம் வண்டல்போல் வெடித்துக் காய்ந்திருந்தது.

திறப்பு விழா அன்றைக்குத் தலைவரும் அதிகாரிகளும் ஏழு கம்பத்துக்குப் பொட்டு வைத்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். எட்டாவதுக்கு வருவதற்குள் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. கார்கள் முக்கோடு திரும்பிவிட்டன.

சாயங்காலம் அங்கப்பனின் பெண்டாட்டி வள்ளியாத்தாள் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக் கொடுத்தாள். இதே ஏணி. மற்றவர்கள் எல்லாரும் கம்பத்துக்குத்தான் வைத்தார்கள். கம்பமா பார்க்கிறது, கண்தானே என்று அவன் கண்ணுக்கு வைத்தான்.

துண்டின் முனையை எச்சிலில் நனைத்துத் துடைத்தான். கண்ணாடி பளிச்சென்று ஆனது. நேர் கீழே, முளைக்குச்சியில் அந்தக் கயிறு அப்படியே கிடந்தது.

பாவாத்தாளுக்கு அவன் ஒரு சினையாடு தரவேண்டும்.