இத்தாலிச் சாப்பாடு

அந்நியன் சமைத்தால் தீட்டில்லை என்றாரா, அந்நியச் சமையலுக்குத் தீட்டில்லை என்றாரா, கதிரவேலுவுக்குச் சரியாக ஞாபகமில்லை. பெரியப்பா கொழும்பில் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் கேக் சாப்பிட்டுவிட்டு வந்து சொன்னது. இரண்டில் ஒன்று.

எது என்று இப்போது அவசரமாகத் தெரிய வேண்டியிருந்தது. அவருக்கு முன்னால் வாழையிலையில் ஒரு பீட்சா இருந்தது.

மானிப்பாயில் நேசம்மா வீட்டு விறாந்தை. தொண்ணூறாம் ஆண்டு மாரி. சண்டைக்குப் பயந்து தெல்லிப்பழையை விட்டு வெளிக்கிட்ட சனத்தோடு சனமாக, ஓய்வுபெற்ற வாத்தியார் கதிரவேலுவும் குடும்பத்தோடு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்தார். மகள் கைக்குழந்தைக்காரி. சேலையை மறைப்பாகக் கட்டிவிட்டு அதற்குள் இருந்து பால் கொடுத்தாள்.

நேசம்மா வீட்டில் இரண்டு அறை சும்மா கிடந்தது. மகன் கிளரன்ஸ் இத்தாலியில் உழைத்துக் கட்டிய கல்வீடு. தகப்பனின் செத்தவீட்டுக்கு வந்தவன், பாதை பூட்டுப்பட்டு நின்றுவிட்டான்.

அந்தத் தகப்பன் முந்தித் தெல்லிப்பழையில் கதிரவேலுவின் காணியில் பனை ஏறினவர். கதிரவேலு வீட்டில் அவருக்குத் தேத்தண்ணி எப்போதும் சிரட்டையில்தான். அவர்களுடைய வீடுகளில் கதிரவேலுவும் சோடா தவிர ஒன்றும் தொட்டதில்லை. சாதி அப்படி. மூடி உடைக்காத போத்தலுக்கு மட்டும் சாதியில்லை.

அந்த மாதம் மானிப்பாயில் சோடாவும் இல்லை.

அறை கேட்டு வந்தவரிடம் கிளரன்ஸ் வாசலிலேயே சொல்லிவிட்டான். “மாஸ்டர், வாடகை வேண்டாம். ஆனா எங்கடை வீட்டிலை வாய் நனைக்காத ஆக்களுக்கு அறை குடுக்கிறதில்லை.”

படலையடியில் இன்னொரு குடும்பம் பெட்டி படுக்கையோடு நின்றது.

நேசம்மா முதலில் சோற்றுக் கோப்பையோடுதான் வந்தார். கதிரவேலுவின் முகத்தைப் பார்த்தார். திரும்பி உள்ளே போனார். மகனைக் கொண்டு கொல்லைப்பக்கம் ரொட்டி சுடும் போறணையை மூட்டுவித்து, கொஞ்ச நேரத்தில் வாழையிலையோடு வந்தார்.

“ஐயா, இது எங்கடை சாப்பாடு இல்லை. இத்தாலிச் சாப்பாடு. யோசிக்காமல் சாப்பிடுங்கோ.”

கதிரவேலுவுக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது அப்போதுதான்.

கையை நீட்டினார். கூட வந்திருந்த மச்சினன் அருளம்பலம் இருமினான்.

“அத்தான், கொஞ்சம் பொறுங்கோ.”

அருளம்பலம் எதையும் விசாரிக்காமல் விடாதவன். மா எங்கே வாங்கினது என்று கேட்டான். நிவாரணத்தில் கிடைத்த மா. தக்காளியும் வெங்காயமும்? பின்வளவு. சீஸ் என்று ஒன்று போடுவார்களாமே? அது பத்து மாவட்டம் தேடினாலும் கிடையாது.

“அப்ப இதிலை இத்தாலி எங்கை கிடக்கு?”

“செய்யிற முறை இத்தாலி,” என்றார் கதிரவேலு. குரலில் வகுப்பறை வந்துவிட்டது.

“சரி. தம்பி கிளரன்ஸ், அங்கை உதை ஆர் சுடுறது?”

நேசம்மா மகனைக் கண்ணால் பார்த்தார். மகன் அதைக் கவனிக்கவில்லை.

“நான்தான் சுட்டனான். மா குழைச்சது தொண்டைமானாற்றுப் பெடியன் ஒருத்தன். முதலாளி காசு வாங்கிறதோடை சரி. இத்தாலிக்காரர் வரிசையிலை நிண்டு வாங்கிச் சாப்பிடுவினம்.”

“பாத்தியளோ அத்தான்? இத்தாலியிலையே இவைதான் சுடுகினம். பிறகென்ன இத்தாலிச் சாப்பாடு?”

நேசம்மா நிலத்தைப் பார்த்தார். படலையடியில் நின்ற பெரியவர் பெட்டியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

கதிரவேலு தொண்டையைச் செருமினார்.

“அருளம்பலம், பேக்கரிப் பாண் ஆற்றை?”

“போத்துக்கேயன்ரை.”

“இண்டைக்கு ஆர் சுடுறது?”

“எங்கடை ஆக்கள்.”

“எந்த ஆக்கள் எண்டு விசாரிச்சே காலமை பாண் வாங்கிறனி?”



கதிரவேலு விடவில்லை. தக்காளியை இத்தாலிக்காரனே அமெரிக்காவிலிருந்துதான் எடுத்தவன் என்றார். அதற்காக அவன் அதை அமெரிக்கச் சாப்பாடு என்றானா? சாப்பாடு எங்கே பிறந்ததோ அந்த ஊர்தான் அதற்கு ஊர். பிறகு யார் குழைத்தாலும் யார் சுட்டாலும் அது மாறாது. முப்பது வருசம் படிப்பித்த மனிதர். வெளியில் நின்றவர்கூடத் தலையாட்டினார்.

பிறப்பைப் பற்றிச் சொன்னபோது கிளரன்ஸ் மட்டும் சிரித்தான்.

கதிரவேலு ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார்.

“அசல் இத்தாலி,” என்றார்.

அவர் இத்தாலிக்குப் போனதில்லை.

கிளரன்ஸ் அறைத் திறப்பைக் கொண்டுவந்து கொடுத்தான். நேசம்மா படலையடிக்குப் போய், வந்தவர்களுக்கு மாட்டுக் கொட்டிலை ஒதுக்கித் தரலாம் என்றார். அவர்கள் ஒன்றும் விசாரிக்காமல் உள்ளே வந்து, மிச்சப் பீட்சாவைச் சாப்பிட்டார்கள்.

பின்னேரம் குடும்பம் வந்து சேர்ந்தது. கதிரவேலுவின் மனைவி செல்வநாயகி, வேலியோரம் மூன்று கல்லை வைத்துத் தனி அடுப்பு மூட்டினார். மழை வந்து அணைத்தது. திரும்ப மூட்டினார். திரும்ப வந்தது.

பொழுதுபட, நேசம்மா ஆவி பறக்கும் ஓலை நீத்துப்பெட்டி ஒன்றும் கத்தரிக்காய்க் கறியுமாக வந்து நின்றார்.

“பால் குடுக்கிற பிள்ளை பட்டினி கிடக்கப்படாது.”

அருளம்பலம் எட்டிப் பார்த்தான். “உதுவும் இத்தாலியோ?”

நேசம்மா இந்த முறை நிலத்தைப் பார்க்கவில்லை.

“இல்லை. இது எங்கடை புட்டு. நான்தான் அவிச்சனான்.”

எல்லாரும் கதிரவேலுவைப் பார்த்தார்கள். மகள் மட்டும் பார்க்கவில்லை. அவள் ஏற்கெனவே சாப்பிடத் தொடங்கியிருந்தாள்.

கதிரவேலு கையைக் கழுவிவிட்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். இந்த வீட்டில் அவிக்கிறது, காய்ச்சுகிறது எல்லாமே இத்தாலிச் சாப்பாடு என்று முடிவெடுத்தார்.