ஓட்டுப் போடாத தெரு

சாக்கடையில் காறித் துப்பினார் சின்னசாமி. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு நடத்துகிறவருக்கு நாற்றம் புதிதா என்ன? அவருக்குக் குமட்டியது இந்த ஜெபவீட்டுத் தெரு ஜனங்களைப் பார்த்துத்தான்.

முனிசிபல் எலெக்ஷன் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். அவர் அனுப்பிய ஜட்கா வண்டிகள் காலையிலிருந்து தெருமுனையில் காலியாக நிற்கின்றன. இந்தத் தெரு ஓட்டு விழாவிட்டால் எதிராளி ஜியாவுல்லா ஜெயிப்பது நிச்சயம். ஜெயித்தால் முதல் வேலையாகச் சின்னசாமியின் ஷாப்பை மூடுவேன் என்று அவர் மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறார்.

"இன்னா சவுரியம்மா, வீட்டு வரி உன் பேர்ல இருக்குது, ஓட்டும் இருக்குது. வந்து போட்டா இன்னா கொறஞ்சிடும்?"

"ஓட்டுப் போடறது பாவம் மொதலாளி."

"உங்க தெருவுக்குக் குழாய் போட்டுக் குடுத்தது யாரு?"

"நீங்கதான். தெனம் உங்களுக்காக ஜெபம் பண்றோமே."

ஜெபத்தைப் பெட்டியிலா போட முடியும்? சின்னசாமி பல்லைக் கடித்தார்.

போன எலெக்ஷனில் கதையே வேறு. ஷாப்புச் சுண்ணாம்புத் தண்ணீர் கிணற்றில் இறங்கி, தெருவே அவர்மேல் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒருத்தர்கூட ஓட்டுப் போட வரவில்லை. அவர் நூலிழையில் ஜெயித்தார். எல்லாம் சாமி புண்ணியம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

"மேல நமக்கு ஒரு ராஜா இருக்காரு..." என்று ஆரம்பித்தாள் சவுரியம்மாள்.

"கீழ இன்னொருத்தனைத் தேடினா அவருக்குத் துரோகம். தெரியும், தெரியும்" என்று எரிந்து விழுந்தார். "உங்க போதகர் எங்க?"

போதகர் ஜெபவீட்டுக்குள் முழங்காலிட்டிருந்தார். சின்னசாமி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். எவனோ எதையோ சொன்னால் அப்படியே நம்பிவிடுவதா, சீ, இதுவும் ஒரு ஜென்மமா என்று அவருக்கு அருவருப்பு அடங்கவில்லை.

"யோவ், ஓட்டுப் போடறது பாவமில்லன்னு வெளிய வந்து ஒரு வார்த்தை சொல்லு."

"முடியாது மொதலாளி."

"இன்னாய்யா முடியாது? போன எலெக்ஷனுக்கு, பாவம்னு உன்னை சொல்லச் சொன்னதே நான்தானே?"

"ஆமா மொதலாளி. சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு."