இறக்கி வைத்த ஆறாம் கம்பி

கிடாரை மடியில் வைத்ததும் மாதவன் முதல் வேலையாக ஆறாவது கம்பியின் திருகைத் தளர்த்தினான்.

"ஏலே, விக்க வந்த சாமானை எதுக்குடா கெடுக்குற?" என்று ஜெயக்குமார் சத்தம் போட்டான்.

ஜெயக்குமார் அருப்புக்கோட்டையில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருப்பவன். மாதவன் பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், இப்போது திருச்சுழியில் அப்பாவின் பாத்திரக்கடையைப் பார்த்துக்கொள்கிறான். இன்றைக்குக் கிடாரை விற்றே தீருவது என்று வந்திருக்கிறான். வாங்குவதற்கு மெல்லிசைக் குழு வீரபத்திரன் காரியாபட்டியில் பஸ் ஏறிவிட்டார்.

ஏன் விற்கிறாய் என்று கேட்டால் ஒரே பதில்தான். கை வரவில்லை.

யார் கை மாதிரி வரவில்லை? கேசட்டில் ப்ளூஸ் என்கிற சோகப் பாட்டு வாசிக்கிற அந்த அமெரிக்காக்காரன் கை மாதிரி!

ஆளின் பெயர் தெரியாது, முகம் தெரியாது. மதுரையில் பழைய சாமான் கடையில் உறைகூட இல்லாமல் கிடந்த இசைத்தட்டு அது. ஜெயக்குமார்தான் வாங்கி வந்து கேசட்டில் ஏற்றி, கேட்டுப் பாருடா என்று கொடுத்தான். அன்றைக்கு விழுந்தவன்தான் மாதவன், எழுந்திருக்கவே இல்லை. பெண் கொடுக்க வந்தவர்களைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய்க் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தானாம். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று.

திருச்சுழியில் கிடார் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? டேப்ரிக்கார்டர்தான் வாத்தியார். கை வரட்டும், வரட்டும் என்று இதுவரை ஒருத்தருக்கும் அவன் வாசித்துக் காட்டியதில்லை.

"ஒரே ஒரு தடவை வாசிச்சிட்டு விட்டுர்றேன்" என்றான்.

பக்கத்துத் தறிக்கூடத்தில் சாப்பாட்டு நேரம். விசைத்தறிகள் ஓய்ந்திருந்தன.

மாதவன் அந்தக் கேசட்டுப் பாட்டை ஆரம்பித்தான்.

கட்டை விரல் தடித்த கம்பிகளில் தும் தும் என்று நடந்தது. மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் வேறொரு பாட்டைப் பாடின. கட்டை விரல் யார் பேச்சையும் காதில் வாங்காமல் தன் வழியே போய்க்கொண்டிருக்க, மேலே விரல்கள் அழுதன, கெஞ்சின, திடீரென்று கேலி பேசின.

பென்சிலைச் செருகி ஒரு கேசட்டைச் சுற்றிக்கொண்டிருந்த ஜெயக்குமாரின் கை நின்றுவிட்டது.

கூட வேறு யாராவது வாசிக்கிறார்களா என்று எழுந்து மாதவனுக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். வாசலையும் எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை, வெயில்தான் காய்ந்தது.

அந்தப் பாட்டில் ஓர் இடம் உண்டு. அடியில் கனத்த சுரம் அதிர்ந்துகொண்டே இருக்க, மேலே பாட்டு உச்சிக்கு ஓடும். அதை வாசிக்க இடது கை ஒரே நேரத்தில் கிடாரின் தலைமாட்டிலும் இடுப்பிலும் இருந்தாக வேண்டும். மனிதப் பிறவிக்கு ஆகிற காரியமா அது?

மாதவன் வாசித்தான்!

தளர்த்தி வைத்த ஆறாவது கம்பியைச் சும்மா தட்டினாலே அந்தக் கனத்த சுரம் வந்தது. அதை அழுத்திப் பிடிக்க ஒரு விரலும் வேண்டியிருக்கவில்லை. இடது கை அதுபாட்டுக்கு உச்சிக்கு ஓடிப்போய்விட்டது.

"அடப்பாவி" என்று ஜெயக்குமார் வாய்விட்டே சொல்லிவிட்டான். இந்தப் பயலோடா ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்தான். பொறாமைகூட வரவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

முடிகிற நேரத்தில் மாதவனின் விரல் ஓர் இடத்தில் தடுக்கியது. அவன் வாசிப்பதை நிறுத்திவிட்டான்.

"பாத்தியா? ஒவ்வொரு தடவையும் இங்கனதான் சறுக்குது. அந்தாளு அசராமப் போறான். எனக்கு இந்த சென்மத்துல வராதுடா."

கண் கலங்கிவிட்டது. கிடாரை வேட்டி நுனியால் துடைத்து மேசைமேல் வைத்தான். கேசட்டையும் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.

ஜெயக்குமாருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஒன் டேப்ரிக்கார்டருக்கு எத்தனை ஸ்பீக்கரு?"

"ஒண்ணுதான். ஏன் கேக்குற?"

 ஜெயக்குமார் அதே கேசட்டைக் கடை டெக்கில் போட்டான். கடையில் மூலைக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். மாதவனின் கையைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் நிறுத்தினான். பாட்டு ஓடும்போதே வலது பெட்டியின் வயரைப் பிடுங்கினான்.

மேலே பாடிக்கொண்டிருந்தது போயே போய்விட்டது. தும் தும் மட்டும் நடந்தது.

வயரைத் திரும்பச் செருகிவிட்டு, இடது பெட்டியின் வயரைப் பிடுங்கினான். இப்போது பாட்டு இருந்தது, தும் தும்மைக் காணோம்.

"பெட்டி ரிப்பேராடா?" என்றான் மாதவன்.

"பெட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வாசிக்கிறது ரெண்டு பேருடா. ரெண்டு கிடாரு. ஒன் ஒத்தை ஸ்பீக்கர்ல ரெண்டும் கலந்து ஒண்ணாக் கேட்டிருக்கு."

பதிந்த அன்றைக்கே ஜெயக்குமாருக்கு அது தெரியும். ரெண்டு பெட்டியில் கேட்கிற யாருக்கும் தெரியும், இதைப் போய்ச் சொல்ல வேண்டுமா என்று விட்டுவிட்டிருந்தான்.

மாதவன் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

வாசலில் வீரபத்திரன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி செருப்பைக் கழற்றினார். ஜெயக்குமார் ஓடிப்போய்க் குறுக்கே நின்றுகொண்டான்.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. கிடாரு விக்கிறதுக்கு இல்ல."

மாதவனை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அவரை டீக்கடைப் பக்கம் அனுப்பிவிட்டுத் திரும்பினால், மாதவன் கிடாரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். குதிப்பான், கட்டிப்பிடிப்பான் என்றுதான் ஜெயக்குமார் நினைத்தான். ஆனால் மாதவனின் முகம் வாடிக் கிடந்தது.

"பாவம்டா" என்றான். "அப்ப அந்த ரெண்டு பேத்துக்கும் இது ஒத்தையில வாசிக்க வராதா?"