பிறந்தநாளுக்கு மட்டும் கலர் டிரெஸ்

காலை மணி அடித்து ஓய்ந்தபோது, ஐந்தாம் வகுப்பு வரிசை பூக்கடை மாதிரி வந்து நின்றது.

தலைமையாசிரியை வரிசையை இன்னொரு முறை பார்த்தார்.

மற்ற வகுப்புகள் எல்லாம் நீலமும் வெள்ளையுமாக, நூல் பிடித்ததுபோல் நின்றன. ஐந்தாம் வகுப்பில் மட்டும் மஞ்சள், சிவப்பு, கிளிப்பச்சை. ஒருத்தி தலையிலிருந்து கால்வரை ஜிகினா.

நாலைந்து பேர்தான் சீருடையில் இருந்தார்கள். அவர்களும் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார்கள்.

பக்கத்தில் கல்வி அதிகாரி. இந்தப் பள்ளியில் ஒரு மாதம் சீருடை போட்டுப் பார்ப்பது, சரிப்பட்டால் சுற்றிலும் உள்ள அரசுப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் கட்டாயம், இல்லையென்றால் இங்கேயும் மூட்டை கட்டிவிடுவது என்று ஏற்பாடு. அதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்.

இருக்கிறவன், இல்லாதவன் வித்தியாசம் சட்டையில் தெரியக்கூடாது என்று தொண்டைத்தண்ணீர் வற்றப் பேசி இதைக் கொண்டுவந்தவர் தலைமையாசிரியை. அவருக்கு இது மானப்பிரச்சினை.

"என்னம்மா, சீருடைன்னு கூப்பிட்டீங்க. ஜவுளிக்கடை பொம்மை மாதிரில்ல நிக்கிறாங்க?" என்றார் அதிகாரி.

வரிசையின் முதல் ஆள், பள்ளியே வாயாடி என்று கூப்பிடும் பெண். ஜிகினாவும் அவள்தான். தலைமையாசிரியை அவளிடம் போனார்.

"ஏய், யூனிஃபார்ம் எங்கடி?"

"இன்னைக்கு எனக்குப் பொறந்தநாள் டீச்சர். பொறந்தநாளுக்கு மட்டும் கலர் டிரெஸ் போடலாம்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னதுதான். முதல் வாரம் சண்டைக்கு வந்த அம்மாக்களின் வாயை அடைக்கக் கொடுத்த சலுகை.

"உனக்குச் சரி. இந்தப் பட்டாளத்துக்கு?"

"எங்களுக்கும்தான் டீச்சர்!"

பள்ளிக்கூரை அதிர்ந்தது. அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"புளுகினாலும் பொருந்தப் புளுகணும், பாப்பா."

வாயாடி கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பி உயர்த்திப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை முழுக்க அட்டைகள் உயர்ந்தன.

அட்டையும் தலைமையாசிரியையின் யோசனைதான். சீருடை மட்டும் போதாது, போட்டோவும் பிறந்த தேதியும் போட்டு ஆளுக்கொன்று தொங்கவிட வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியது.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு அட்டையாகக் குனிந்து படித்தார். இன்றைய தேதி. அடுத்ததும் இன்றைய தேதி. அதற்கடுத்ததும்.

பாதி வரிசையில் அவருக்குச் சிரிப்பு நின்றுபோனது.

"ஒரே வகுப்புல இத்தனை பேரும் ஒரே நாள்ல பொறந்தாங்களா? இந்தத் தேதியெல்லாம் யாரும்மா போட்டது?"

யார் போட்டது?

தலைமையாசிரியைக்கு இவர்களை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த நாள் கண்முன் வந்து நின்றது. வாசல் வரைக்கும் வரிசை. நாலைந்து பேரைத் தவிர யார் கையிலும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. மழை கொட்டுன ராத்திரிங்க என்றார் ஒரு அப்பா. எங்க கொழுந்தன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் என்றாள் ஒரு அம்மா. நீங்க படிச்சவங்க, பாத்து ஒரு நல்ல தேதியா போடுங்க டீச்சர் என்றாள் வாயாடியின் அம்மா.

போட்டார். நாக்கு நுனியில் நின்ற ஒரு தேதி. ஒருத்திக்குப் போட்டதும் அடுத்தவனுக்கு வேறு தேதி தேடக் கை சோம்பல்பட்டது.

அவரே மறந்துபோன சங்கதி. பக்கத்துப் பக்கத்து அட்டைகளைச் சேர்த்துப் பார்க்கப் பிள்ளைகளுக்கு எத்தனை நேரம் ஆகும்?

பிள்ளைகள் புளுகுகிறார்கள் என்று சொன்னால், முதலில் புளுகியது யார் என்று கேள்வி வரும். வேலைக்கே உலை. உண்மை என்று சொன்னால், சீருடை போச்சு.

வாயாடி கண்கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியை அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"பொறந்தநாள்தான் சார். எல்லாருக்கும்."

அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார்.

"ஒரே ஒரு சலுகை கொடுத்தீங்க, அதுலயே ஒரு வகுப்பு வெளிய போயிடுச்சு. அப்புறம் எங்கேருந்து கட்டாயம்? இதை இத்தோட விட்டுடுவோம்மா."

ஐந்தாம் வகுப்பு போட்ட கூச்சலில் மரத்துக் காக்கைகள் கிளம்பிப் பறந்தன.

வாயாடி ஒரு டப்பாவைத் திறந்துகொண்டு வந்தாள். அதிகாரிக்கு ஒரு மிட்டாய். விளையாட்டு வாத்தியாருக்கு ஒரு மிட்டாய். தலைமையாசிரியையின் கையில் மட்டும், ஒன்று வைத்தபின் இன்னொன்றும் வைத்தாள்.

"அவங்களுக்கு மட்டும் ஏன் ரெண்டு?" என்றார் அதிகாரி.

தலைமையாசிரியை தன் கழுத்தில் தொங்கிய அட்டையைச் சட்டென்று உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

அதிலும் அதே நாள், அதே மாதம். வருடம் மட்டும்தான் வேறு.