இந்த மாசத்துக்கு மட்டும்

இருவருக்கும் அது இரண்டாம் கல்யாணம். பூங்கோதை கொண்டுவந்த பெட்டி கதவுக்குப் பின்னாலேயே நின்றது. உடுத்தும் புடவையை அதிலிருந்து எடுப்பாள், துவைத்து மடித்து அதிலேயே வைப்பாள். அலமாரியில் தயாளன் ஒதுக்கித் தந்த தட்டு காலியாகவே கிடந்தது. அவன் ஏனென்று கேட்டதில்லை. மாதம் பிறந்தால் கேபிள்காரர் வந்து, "வருஷத்துக்குக் கட்டினா ஒரு மாசம் ஃப்ரீம்மா" என்பார். "இந்த மாசத்துக்கு மட்டும் போதுண்ணே" என்பாள். இன்று அவர் வந்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள். தயாளன் வழக்கம்போல ஒரு மாதப் பணத்தை நீட்டினான். "வருஷத்துக்கே கட்டிருங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கட்டிவிட்டுக் கதவைச் சாத்தினான். பெட்டி அதே இடத்தில் நின்றது. கூட்டுவதற்கு நகர்த்துபவனைப்போல அதைத் தூக்கினான். கனத்துக்குத் தயாராக இருந்த கை, வெறும் பெட்டியோடு சட்டென்று மேலே போனது.