பத்தாயிரமாவது ஆள்

டிசம்பர் முப்பத்தொன்று. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வருடத்தின் கடைசி விமானம் புறப்பட இருந்தது. வருடத்துக்குப் பத்தாயிரம் பேர் ஏறினால்தான் அந்த விமான நிலையத்துக்குப் புதுக் கட்டடம் கட்ட அரசுப் பணம் முழுதாக வரும். இல்லையென்றால் கூரை ஒழுகும் இந்தக் கொட்டகையே கதி. ஒரே ஒரு ஆள் குறைந்தது.

லோர்னா வாசலுக்கு ஓடி, டாக்ஸிக்காரர் வேர்னின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்கு டிக்கெட் நான் எடுக்கறேன், வேர்ன். டென்வர் போயிட்டு அப்படியே திரும்பி வந்துடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்!”

“ஐயோ, எனக்குப் பயம்!”

“என்ன பயம்? பஸ்ல போற மாதிரிதான்!”

“அப்படின்னா நீயே போயேன்!” அவர் கையை உதறிவிட்டார்.

“கதவைச் சாத்தப்போறாங்க!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

லோர்னா தன் பெயருக்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு ஓடினாள்.

விமானம் எழும்பியதும், கண்ணை இறுக மூடியபடி பக்கத்து இருக்கையில் இருந்த வெளியூர்க்காரரின் கையை நசுக்கினாள்.

“முதல் தடவையா? பயப்படாதீங்க, பஸ்ல போற மாதிரிதான்” என்றார் அவர். “பேசிக்கிட்டே வந்தா பயம் தெரியாது. என்ன வேலை பாக்கறீங்க?”

“இப்ப ஏறினோமே, அந்த விமான நிலையத்துக்கு… பதினெட்டு வருஷமா… நான்தாங்க மேனேஜர்.”